பரஸ்தானம் போன பாஸ்போர்ட்

என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் டைம் கீப்பராக முப்பத்தோரு வருடம் இருந்தவர். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதிக்கொண்டிருந்த மனிதர். செங்கத்து வண்டி தாமதமாகி, அதில் திருக்கோவிலூர் போகிறவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், திருக்கோவிலூர் வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தி வைப்பார். டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். இவர் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்டவரிடம் போய், கனடாவுக்கு எந்த விமானத்தில் போவது என்று பார்க்கிற வேலையைக் கொடுத்தது யார் என்று கேட்டால், நான்தான். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மகள் டொராண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். போன வருடம் அவளுக்கு ஒரு கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அதை எங்களிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாள். அதுவும் ரசத்துக்கு எவ்வளவு மிளகு என்று கேட்கிற குரலில். "அதெல்லாம் ஆயிடுச்சிம்மா, இப்ப நல்லா இருக்கேன்" என்றாள். நான் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு மாதம் அவள் தனியாக அதைச் சுமந்திருக்கிறாள், நான் தினமும் போனில் என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் இந்த வருடம் அவள் மறுபடி உண்டானதும் ஒரே ஒரு முடிவு எடுத்தேன். பிரசவத்தின்போது நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு மாதம் முந்திப் போனாலும் சரி, ஒரு மணி நேரம் பிந்தக் கூடாது. விசா வந்துவிட்டது. டிக்கெட் போடுவது மட்டும்தான் பாக்கி.

மாப்பிள்ளை தங்கமான பையன். தானே போட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்கே நேரம் சொன்ன மனிதருக்கு இன்னொருவர் நேரம் போட்டுக் கொடுப்பதா? கடைக்குப் போய் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். புறப்பாடு, வருகை, மாறும் இடம், காத்திருப்பு, குறிப்பு என்று ஐந்து கட்டம். குறிப்பு என்கிற கட்டத்தில் அவர் எழுதியதை நான் ஒரு நாள் படித்துப் பார்த்தேன். 'மாறும் இடத்தில் நாற்காலி கம்மி.' 'பணிப்பெண்கள் மரியாதை, தயிர் கிடையாது.' யாரோ எங்கேயோ போனில் எழுதிவைத்ததையெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார்.

அலசி அலசிக் கடைசியில் மூன்று வழி நின்றது. வளைகுடா வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் அங்கே விமானம் மாற ஒரு மணி பத்து நிமிடம்தான். ஐரோப்பா வழியாகப் போனால் ஐந்தரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். மூன்றாவது, ஜப்பான் வழி. விலை கம்மி, காத்திருப்பு பதினாறு மணி நேரம். மேற்கே இருக்கிற கனடாவுக்குக் கிழக்கே எப்படிப் போவது என்று நான் கேட்டேன். தண்ணீர்ச் சொம்பை எடுத்து, அதைச் சுற்றி இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் என்று நகர்த்திக் காட்டினார். எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று சொல்லவில்லை. சொன்னால் தினம் சொம்பைத் தூக்கிக்கொண்டு வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்.

"கனெக்ஷன் ஃபிளைட்டுக்கு நாங்க வர்ற விஷயம் தெரியுமா மாப்பிள்ள? முன்னாடி வண்டி லேட்டானா நிறுத்தி வெப்பாங்களா?"

"மாட்டாங்க மாமா. அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க."

"அப்புறம் இன்னா கனெக்ஷன் அது?" என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க இவருக்கு மனசே சரியில்லை.

ஊரில் இருக்கிறவர்கள் வேறு. நாங்கள் வேங்கிக்காலில் புதிதாக வந்த குடியிருப்பில் இருக்கிறோம். கலெக்டர் ஆபீஸில் பதிவறை எழுத்தராக இருந்து நான் ஓய்வு பெற்றதால், போகிற வருகிற எல்லோருக்கும் எங்களைத் தெரியும். ஆபீசுக்கு எதிரில் டிராவல்ஸ் வைத்திருப்பவர், இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் கம்மியாகும் என்று இவர் காதில் போட்டுவிட்டார். அதிலேயே நாலு நாள் போனது. அப்படி எடுத்தால் நடுவில் பெட்டியை நாமே வாங்கி மறுபடி போட வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் குப்பைக்குத்தான் என்று மாப்பிள்ளை பொறுமையாக விளக்கிய பிறகு, நோட்டில் அதற்காக எழுதிய நாலு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

எதிர்வீட்டம்மா அமெரிக்காவுக்கு இரண்டு தடவை போய்வந்தவர். அவர் சொன்ன யோசனைதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. "வீல்சேர் கேட்டு வாங்கிக்கோங்க. தள்ளிக்கினே போயி கதவாண்ட உட்டுடுவாங்க. கனெக்ஷன் மிஸ்ஸே ஆவாது" என்றார். எனக்கு வந்ததே கோபம். பதிவறையில் ஏணி மேல் ஏறிக் கட்டுக் கட்டாகக் கோப்பு இறக்கினவள் நான். மாதம் தவறாமல் மலை சுற்றுகிறவள். நடக்க முடியாதவர்கள் உட்கார வேண்டிய நாற்காலியில் நான் போய்க் கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்காருவேனா என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அந்தம்மா ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் விலை இறங்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு, ஒவ்வொரு செவ்வாயும் சாப்பிட்ட கையோடு போனை எடுத்துக்கொண்டு உட்காருவார். இறங்கினால் இன்னும் இறங்கட்டும் என்பார். ஏறினால் இறங்கும் என்பார். நோட்டில் நாற்பது பக்கம் நிறைந்துவிட்டது. டிக்கெட் ஒன்றுகூடக் கையில் இல்லை.

ஒரு திங்கட்கிழமை மகள் போன் செய்தாள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்த சமயம்.

"அம்மா, பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதாம். அடுத்த திங்கக்கெழமையே ஆஸ்பத்திரில சேத்து, வலி வரவெச்சி எடுத்துடலாம்னு சொல்றாங்க. நீ டென்ஷன் ஆவாத. நான் நல்லா இருக்கேன்."

அதே ரசத்துக்கு மிளகு கேட்கிற குரல். திரும்பிப் பார்த்தால் இவர் நோட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். பிடுங்கிப் பரண் மேல் எறிந்தேன். இந்த நிமிடம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, எது கிடைக்கிறதோ அதைப் போடுங்கள் என்றேன். இரண்டு மாதம் ஆகாத வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்குச் சென்னையில் ஏற வேண்டும், வளைகுடாவில் மாற வேண்டும், சனிக்கிழமை காலை டொராண்டோ. நடுவில் அந்த ஒரு மணி பத்து நிமிடம்தான். அதை விட்டால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் இடமே கிடையாது என்று மாப்பிள்ளை சொன்னார். அதாவது அதை விட்டால் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

டிக்கெட் வந்ததும் நான் காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். நாங்கள் ஏறுகிற விமானம் மேற்கே போகிறது. போதாததற்கு அன்று பௌர்ணமி வேறு, கிரிவலக் கூட்டத்தில் ஊரே அடைபட்டுக் கிடக்கும். பௌர்ணமியைப் பற்றி இவர் கவலைப்படவில்லை. நம் வீடு ஊருக்கு வெளியே இருக்கிறது, கார் ஊருக்குள்ளேயே நுழையாமல் அவலூர்பேட்டை சாலையில் போய்விடும் என்றார். அதில் அவருக்கு ஒரு பெருமை. ஆனால் சூலத்துக்கு என்ன செய்வது? அவர் சொம்பை எடுக்கப் போனார். நான் விடவில்லை. தலைப்பிள்ளைப் பிரசவத்துக்குச் சூலத்தில் கிளம்பிப் போகிறவள் நானில்லை.

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. நல்ல நாள் நல்ல நேரத்தில், போகிற திசையில் இருக்கிற ஒரு வீட்டில், நம் பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் பரஸ்தானம். பொருள் கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் போகலாம். ஒரே ஒரு நிபந்தனை, வைத்த பொருள் திரும்ப வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. போகிற வழியில் அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

எங்களுக்கு மேற்கே இருப்பது மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் என் அக்கா வீடு. ஜப்பான் வழியாக டிக்கெட் போட்டிருந்தால் பொருள் கிழக்கே போயிருக்கும், இந்தக் கதையே இல்லை. புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். இவர் ஸ்கூட்டரில் என்னை அழைத்துப்போக, ஒரு சின்னப் பையை அக்கா கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்பதுதான் விஷயம். வழக்கமாக ஒரு துணி, மஞ்சள், வெற்றிலைப் பாக்கு வைப்பார்கள். நான் கொஞ்சம் யோசித்தேன். ஒரு ஜாக்கெட் துணி நல்ல நேரத்தில் கிளம்பி என்ன பிரயோசனம்? எது இல்லாவிட்டால் கனடாவுக்குள் கால் வைக்க முடியாதோ, அதுவல்லவா நல்ல நேரத்தில் கிளம்ப வேண்டும்? இரண்டு பாஸ்போர்ட்டையும் உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விவாதம் வரும்.

வியாழக்கிழமை இவர், அந்தப் பையைப் போய் எடுத்துவந்துவிடட்டுமா என்று கேட்டார். பரஸ்தானப் பை வீட்டுக்குள் வரக் கூடாது, நாளைக்குக் காரில் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றேன். துணிதானே, உன் அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். அக்கா வீடு கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது என்பது எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். இந்த இரண்டும் என் மண்டைக்குள் ஒன்றை ஒன்று சந்திக்கவே இல்லை. பெட்டி கட்டுகிற மும்முரத்தில், பருப்புப் பொடி எத்தனை கிலோ என்பதிலேயே இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனிலேயே செக்கின் செய்ய உட்கார்ந்தார்.

"பாஸ்போர்ட்ட குடு. நம்பர் அடிக்கணும்."

நான் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவர்க் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னாமே பண்ணி வெச்சிருக்க" என்று மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த ஒரு வசதி இருந்திருக்கும்.

அக்காவுக்கு போன் போட்டோம். அவள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் எலுமிச்சை ஜூஸும் சுக்குக் காபியும் விற்பவள். அந்த இரைச்சலில் மணி அடித்தால் அவளுக்குக் கேட்டுவிடுமா? நாலு தடவை அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது தடவை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதையின் வடக்கு முனைக்குப் போனோம். தடுப்பு வைத்திருந்தார்கள். போலீஸ்காரரிடம் பாஸ்போர்ட், பிரசவம், கனடா என்று எல்லாவற்றையும் கொட்டினேன். "இன்னிக்கி வர்றவங்க எல்லாருமே ஒரு காரணம் சொல்றாங்கம்மா" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாதை முழுக்க மனிதத் தலைதான்.

மணி எட்டரை. பன்னிரண்டேகாலுக்குக் கார் வரும். ஊர் வழியாக முறைப்படி சுற்றிப் போனால் அக்கா வீட்டுக்குப் பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும், நேரத்தில் திரும்ப முடியாது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஐந்தே கிலோமீட்டர். ஆனால் அது எதிர்த்திசை. மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். இடமாகச் சுற்றுகிற ஆளை என் ஆயுசில் பார்த்ததில்லை. இவருக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. செய்தவள் நான், நானே போகிறேன் என்றேன். மலையைப் பார்த்துக் கும்பிட்டு, இன்றைக்கு ஒரு நாள் மன்னித்துக்கொள் அப்பா என்று வாய்விட்டுச் சொன்னேன். பழக்க தோஷத்தில் செருப்பை ஸ்கூட்டரிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கிவிட்டேன்.

முதல் அரை கிலோமீட்டருக்குள் முப்பது பேராவது நிறுத்தியிருப்பார்கள். அம்மா, இந்தப் பக்கம் போகக் கூடாது, திரும்புங்க. முதல் பத்துப் பேருக்கு விளக்கம் சொன்னேன். அடுத்த பத்துப் பேருக்குத் தெரியும் என்றேன். அதற்கப்புறம் வந்தவர்களிடம், தெரியாமலா இந்த வயசில் எதிரில் வருகிறேன், வழியை விடு என்று எரிந்து விழுந்தேன். தெலுங்கில் பேசிய ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து அன்பாகத் திருப்பியே விட்டார். அவர் போகிற வரைக்கும் நாலு அடி அவரோடு நடந்துவிட்டு மறுபடி திரும்பினேன்.

பாதி வழியில் ஒருவர், இது ஏதாவது வேண்டுதலா என்று பணிவாகக் கேட்டார். எனக்கு மூச்சு வாங்கியது. ஆமாம், என் மகளுக்குப் பிரசவம், நல்லபடியாக ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பொய்யில்லையே அது. கொஞ்ச தூரம் போனதும் எதிரில் வருகிறவர்கள் என்னை நிறுத்தாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். சில பேர் கும்பிடவும் செய்தார்கள். என்னடா இது என்று திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் புடவை கட்டிய நாலு பெண்கள், கைகூப்பிக்கொண்டு, வரிசையாக என் பின்னால் எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் வேகமாக நடந்தால் அவர்களும் வேகமாக நடந்தார்கள். நின்றேன், நின்றார்கள். எதற்கு என் பின்னால் வருகிறீர்கள் என்று கேட்டேன். மூத்தவள், "இப்டி எதிர்ல சுத்தினா புள்ள நல்லபடியா பொறக்கும்னு பின்னாடி பேசிக்கினாங்க. எம் மருமவளுக்கு ரெண்டு தடவ கலைஞ்சி போச்சிம்மா" என்றாள்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். இது வேண்டுதல் இல்லை, பாஸ்போர்ட் எடுக்க என் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, எடுத்துக்கொண்டு வாருங்கள், திரும்பும்போது சேர்ந்தே போகலாம் என்றாள் மூத்தவள்.

அக்கா பழம் பிழிந்துகொண்டிருந்தாள். வரக் கூடாத பக்கத்திலிருந்து, நாலு மஞ்சள் புடவைக்கு முன்னால், கால் தாங்கித் தாங்கி நான் வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த பழத்தைக் கீழே போட்டாள்.

"அடியே, எந்தப் பக்கத்துலருந்து வர்ற? உனுக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

இல்லை என்றேன். பை பூஜை அலமாரியில் சாமி படங்களுக்கு நடுவில் இருந்தது. இரண்டு நாளும் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டியிருக்கிறாள். பைக்குப் பூ வைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, குறை ஒன்றும் வைக்கவில்லை. ஜிப்பைத் திறந்து பார்த்தேன். குங்குமம் உள்ளேயும் இறங்கி இரண்டு பாஸ்போர்ட்டும் சிவந்து கிடந்தன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஐந்து பேருக்கும் ஜூஸ் கொடுத்து, இனிமேலாவது ஒழுங்கான திசையில் நட என்று அக்கா அனுப்பிவைத்தாள்.

திரும்புகிற வழி முறையான வழி. கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பாதம் இரண்டும் கொப்பளித்துவிட்டது. மூத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் மகள் பெயரைச் சொல், எங்கள் மருமகளோடு சேர்த்து வேண்டிக்கொள்கிறேன் என்றாள். பெயரைச் சொன்னேன். காலையிலிருந்து பார்த்தவர்களையெல்லாம் திட்டித் தீர்த்த நான், அவள் மருமகள் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். மணி பதினொன்றே முக்கால். என் காலைப் பார்த்தார், செருப்பை எடுத்துக் கீழே போட்டார். வீட்டுக்கு வந்ததும் பையோடு நான் தெருவிலேயே நிற்க, இவர்தான் பெட்டிகளைக் காரில் ஏற்றினார். காரில் ஏறி அவலூர்பேட்டை தாண்டி, சேத்துப்பட்டு வரைக்கும் வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் ஆரம்பித்தார். வந்தவாசி தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, விமான நிலைய வாசல் வரைக்கும் நிறுத்தவில்லை. டிரைவர் நடுவில் இரண்டு தடவை தலையாட்டி அவரை ஆமோதித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அத்தனையும் நியாயம்தான் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பிரித்ததும் குங்குமம் அவள் மேசையெல்லாம் கொட்டியது. ஒரு நிமிடம் பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துடைத்தாள். அப்புறம் நான் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, வீல்சேர் போடட்டுமா அம்மா என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். எங்கே, ஏணி மேல் ஏறினவள் இப்போது பேசட்டும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். போடு தாயே என்றேன்.

முதல் விமானம் அரை மணி தாமதமாக இறங்கியது. ஒரு மணி பத்து நிமிடத்தில் நாற்பதுதான் மிச்சம். விமானத்தின் கதவிலேயே நாற்காலியோடு ஒருவர் நின்றிருந்தார், கேரளாக்காரர். நாங்கள் பார்த்த மனித வரிசைகளையெல்லாம் ஓரங்கட்டி, யாருக்கும் தெரியாத லிஃப்ட், யாருக்கும் தெரியாத கதவு என்று தள்ளிக்கொண்டு பறந்தார். இவர் இரண்டு கைப்பையையும் மார்போடு அணைத்துக்கொண்டு, ஆபரேஷன் ஆன முட்டியோடு பின்னால் ஓடிவந்தார். கால் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் நான் நடந்துதான் வந்திருப்பேன், அந்த வரிசையில்தான் நின்றிருப்பேன், விமானம் போயிருக்கும். எதிர்த்திசையில் நடந்ததுதான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். இவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

டொராண்டோவில் மகள் வந்து நின்றிருந்தாள். வரக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு பெரிய வயிற்றோடு, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். என்னை நாற்காலியில் பார்த்ததும் அந்தச் சிரிப்பு விழுந்தது.

"அம்மா, இன்னா ஆச்சி காலுக்கு?"

"ஒண்ணுமில்லடி. நான் நல்லா இருக்கேன்."

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். என் பாதத்தில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"பொய் சொல்லாதம்மா" என்றாள். "நானும் நல்லா இல்ல. ரொம்ப பயமா இருக்குது."

நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். அந்த வயிற்றோடு அவளை எப்படிக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல், பக்கவாட்டில் நின்று கட்டிக்கொண்டேன். போன வருடம் அழாததையும் சேர்த்து அழுதாள். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.